கடை போர்டுல இருக்குற பேரையே பாஸ்புக்லயும் போடச் சொல்லுங்க: ரிசர்வ் பேங்குக்கு ஒரு திறந்த மடல்

மும்பை ரிசர்வ் பேங்க்ல வாடிக்கையாளர் பாதுகாப்புத் துறைய பாத்துக்குற ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

ஈரோடு மாவட்டத்துல ஒரு சின்ன டவுன்ல, பேங்குக்கு ரெண்டு கடை தள்ளி ஜெராக்ஸ், நெட் சென்டர் வெச்சிருக்கேங்க. பாஸ்புக் என்ட்ரி போட்டுட்டு வெளிய வர்ற பெரியவங்க நெறைய பேர் நேரா என் கடைக்குத்தான் வருவாங்க, ஜெராக்ஸ் எடுக்க இல்ல, "தம்பி, இது என்ன பணம்னு கொஞ்சம் பாரு"ன்னு கேக்க. அவங்க வெரல் வெச்சுக் காட்டுற வரி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏதோ ஒரு ரீடெய்ல் கம்பெனி பேரு, அதுவும் பாதில வெட்டுப்பட்டு, பக்கத்துல அவங்க ஜென்மத்துல போகாத ஒரு ஊர் பேரு, அப்புறம் போன பணம். யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தா, எந்தக் கடை, ஒண்ணும் தெரியாது. பேங்க்ல கேட்டா "நீங்கதான் எங்கயோ கார்டு தேய்ச்சிருக்கீங்க"ன்னு அனுப்பிருவாங்க. இந்த ஒரு வரிய பத்தித்தான் உங்களுக்கு எழுதறேன்.

நீங்க இத கவனிக்கலன்னு சொல்ல முடியாதுங்க. 2017 ஜூன் 22ஆம் தேதி பேங்குங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புனீங்க, பாஸ்புக்லயும் ஸ்டேட்மென்ட்லயும் புரியாத என்ட்ரி போடாதீங்க, போதுமான விவரம் குடுங்கன்னு. அதுல கடைல கார்டு தேய்ச்சா என்னென்ன வரணும்னு தனியாவே சொல்லிருந்தீங்க: நடந்த தேதி, நேரம், அடையாள நம்பர், ஸ்வைப்பிங் மிஷின் இருக்குற இடம். நல்ல உத்தரவு. படிச்சப்ப எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதுக்கு சரியா ரெண்டு வாரம் கழிச்சு ஜூலை 6ஆம் தேதி இன்னொண்ணு போட்டீங்க, அது இன்னும் பெருசு, நமக்குத் தெரியாம யாராச்சும் நம்ம அக்கவுண்ட்ல கை வெச்சா யாரு பொறுப்புன்னு. பேங்க் மேலயும் தப்பில்ல, நம்ம மேலயும் தப்பில்ல, மூணாவது ஆள் வேலைன்னா, பேங்க்ல இருந்து தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா ஒரு பைசா நம்ம தலைல விழாது. 4ல இருந்து 7 வேலை நாள்னா சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபா வரைக்கும் நம்ம பொறுப்பு. அதையும் தாண்டுனா அந்தந்த பேங்கோட போர்டு வெச்சிருக்குற பாலிசிப்படி.

இந்த ரெண்டு உத்தரவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டாவது உத்தரவு வேலை செய்யணும்னா மொதல் உத்தரவு ஒழுங்கா நடக்கணும். மூணு நாள் கணக்கு பேங்க்ல இருந்து தகவல் வந்ததுக்கு அடுத்த வேலை நாள்ல ஆரம்பிக்குது. தகவல்ல இருக்குற கடை பேரு எனக்கு யாருன்னே தெரியாத பேரா இருந்தா, நான் எத வெச்சு இது என் செலவு, இது திருட்டுன்னு பிரிப்பேன்? மூணு நாள் அதக் கண்டுபிடிக்கவே போயிருதுங்க.

ஒரு அக்காவோட கதைய சொல்றேன். சத்துணவு மையத்துல சமைச்சு ரிடையர் ஆனவங்க, ஓய்வூதியம் அந்த அக்கவுண்ட்லதான் வரும். தீபாவளி முடிஞ்ச வாரம் பாஸ்புக்க தூக்கிட்டு வந்தாங்க, கை நடுங்குது. என்ட்ரி மிஷினோட ரிப்பன் காஞ்சு போயி மேல வரியும் கீழ வரியும் பாதி ஒட்டிக்கிட்டு கெடக்கு, நான் மொபைல்ல போட்டோ எடுத்து பெருசு பண்ணித்தான் படிச்சேன். மொதல்ல தேதி. அப்புறம் பி ஓ எஸ், அதாவது கடைல கார்டு தேய்க்கிற மிஷின். அப்புறம் கார்டு நம்பர், நடுவுல எல்லாம் எக்ஸ் எக்ஸ், கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுது. அப்புறம் ஒரு ஆறு இலக்க நம்பர். அப்புறம் மூணு இங்கிலீஷ் எழுத்து, ரீடெய்ல்னு ஒரு வார்த்தை, அதோட ப்ரைவேட்ல மொத எழுத்து மட்டும் வந்து நிக்குது, இடம் பத்தல. அதுக்குப் பக்கத்துல மும்பை. 1,847 ரூபா. நேரம் இல்ல. கடை எங்க இருக்குன்னு இல்ல.

"நான் மும்பைய டிவில பாத்ததோட சரி கண்ணு, யாரோ என் பென்ஷன எடுத்துட்டாங்க"ன்னு அழுதுட்டாங்க. எஸ்எம்எஸ் வந்துச்சா அக்கான்னு கேட்டா, அக்கவுண்ட்ல இருக்குற நம்பர் மருமகனோட பழைய நம்பர், அது எப்பவோ ரீசார்ஜ் பண்ணாம போயிருச்சு. மருமகன் பதறி கால் பண்ணி கார்ட ப்ளாக் பண்ணிட்டாரு, பேங்க்ல டிஸ்ப்யூட் ஃபார்ம், அதான் இந்தச் செலவு எங்களுது இல்லன்னு சொல்ற புகார், எழுதிக் குடுத்தாங்க, புது கார்டு வர்ற வரைக்கும் அக்கா வித்ட்ராயல் ஸ்லிப் எழுதி கியூல நின்னாங்க, புது கார்டுக்கு சார்ஜ், அது மேல ஜிஎஸ்டி. கடைசில பாத்தா கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற பேரன் தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப அக்காவே குடுத்து விட்ட கார்ட வெச்சு ஈரோட்ல ஒரு பெரிய துணிக்கடைல ஒரு சட்டை, ஒரு பேன்ட் எடுத்துருக்கான். 5,000 ரூபா வரைக்கும் கார்ட மிஷின் மேல காட்டுனாலே போதும், பின் நம்பர் வேணாம், அதனால அவனுக்கும் அது ஒரு விஷயமாவே தெரியல, லீவு முடிஞ்சு கெளம்பிப் போயிட்டான். துணிப்பைக்குள்ள பில்லு இருந்துச்சு. மேல பெருசா கடையோட பிராண்டு பேரு, அது எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு, அக்காவுக்கும் தெரியும். கீழ பொடி எழுத்துல கம்பெனி பேரும் மும்பை ஆபீஸ் அட்ரஸும். பாஸ்புக்ல வந்தது அந்தப் பொடி எழுத்துப் பேரு.

இதுல கடைக்காரங்க ஏமாத்தல. மிஷின் சரியாத்தான் வேலை செஞ்சுது. பேங்க் சரியான பணத்தைத்தான் கழிச்சுது. ஈரோட்ல வாங்குன சட்டைக்கு மும்பைன்னு எழுதி, போர்டுல இல்லாத பேர எழுதுனது ஒண்ணுதான் தப்பு, அதுக்கு அந்த அக்கா அனுபவிச்சது கொஞ்சம் நஞ்சம் இல்ல.

இந்தப் பேரு எங்கிருந்து வருதுன்னு நான் கொஞ்சம் தேடிப் படிச்சேன். கடைக்கு ஸ்வைப்பிங் மிஷின் குடுக்குற பேங்க் அப்ளிகேஷன் வாங்கும்போது பான் கார்டு, ஜிஎஸ்டி சர்டிபிகேட், கம்பெனி பேப்பர் எல்லாம் வாங்கும், அதுல இருக்குற சட்டப்படியான பேர அப்படியே சிஸ்டத்துல ஏத்திருவாங்க. ஒவ்வொரு தடவ கார்டு தேய்க்கும்போதும் மிஷின்ல இருந்து போற மெசேஜ்ல கடை பேரு, ஊரு, நாடு மூணுக்கும் சேத்து மொத்தமே 40 எழுத்துக்குத்தான் எடம், விசா கார்டுன்னா அதுல பேருக்கு 25, ஊருக்கு 13, நாட்டுக்கு 2. நம்ம ஊரு கம்பெனி பேரு நெறைய ப்ரைவேட் லிமிடெட்னு முடியறதுக்குள்ளயே 25 தாண்டிரும். ஊருன்னு போடுற எடத்துல கிளை இருக்குற ஊரு போடணும், நெறைய என்ட்ரில ஹெட் ஆபீஸ் ஊருதான் வருது. நடுவுல பேமென்ட் கேட்வே, அதாவது கடைக்காகப் பணத்த வாங்கிக் குடுக்குற கம்பெனி ஒண்ணு இருந்தா அவங்க பேரோட சுருக்கம் முன்னாடி வந்து இருக்குற எடத்தையும் சாப்பிட்டுரும். அதுக்கப்புறம் பாஸ்புக் பிரின்ட்டரோட காலம் இன்னும் சின்னது, அங்க ஒரு தடவ வெட்டுவாங்க.

பெரிய கம்பெனிங்க கடைக்கு ஒரு பேரு, கம்பெனிக்கு ஒரு பேரு வெச்சுக்குறது சட்டப்படி சரிதான், யாரையும் குறை சொல்லல. டிமார்ட்ட நடத்துற கம்பெனி அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். வெஸ்ட்சைடும் ஜூடியோவும் ட்ரென்ட் லிமிடெட். க்ரோமா இன்ஃபினிட்டி ரீடெய்ல். தனிஷ்க் டைட்டன் கம்பெனியோடது. டோமினோஸ் பீட்சா இங்க ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ். ஷேர் மார்க்கெட் பாக்குறவங்களுக்கு இதெல்லாம் மனப்பாடமா இருக்கும். சட்டை எடுக்கப் போற பையனுக்கும் அவன் பாட்டிக்கும் இது ஏன் தெரிஞ்சிருக்கணும்? பணம் குடுத்தவங்க போர்ட பாத்துத்தான் கடைக்குள்ள போறாங்க, கம்பெனிப் பதிவுச் சான்றிதழ பாத்துட்டுப் போறதில்லயே.

இன்னொரு விஷயம் சொன்னா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். போர்டு பேரு கவர்மென்ட் கிட்ட ஏற்கனவே இருக்குங்க. ஜிஎஸ்டி போர்ட்டல்ல போயி எந்தக் கடையோட 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பரையும் போட்டுத் தேடுனா, சட்டப்படியான பேரு ஒண்ணு, வியாபாரப் பேரு ஒண்ணுன்னு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும், லாகின் கூட வேணாம். அந்த நம்பர்ல மொத ரெண்டு இலக்கம் மாநிலம், 33ன்னா தமிழ்நாடு, 27ன்னா மகாராஷ்டிரா. கடை வாசல் போர்டுலயே ஜிஎஸ்டி நம்பர எழுதணும்னு விதியும் இருக்கு. நான் என்கிட்ட வர்றவங்களுக்கு இதத்தான் பண்றேன், பில்லு கையில இருந்தா அதுல உள்ள நம்பர போட்டுத் தேடி, "பாருங்க பெரியம்மா, பாஸ்புக்ல இருக்குற இந்தப் பேரும் நீங்க போன கடையும் ஒண்ணுதான்"னு காட்டுவேன், அப்பத்தான் அவங்களுக்கு மூச்சே வரும். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனால ரெண்டு நிமிஷத்துல ரெண்டு பேரையும் சேத்துப் பாக்க முடியுதுன்னா, லட்சக்கணக்குல மிஷின் குடுத்து வெச்சிருக்குற பேங்குங்களால முடியாதா?

பில்லு இல்லாட்டிதான் கஷ்டம். அப்ப நான் கேக்குற கேள்வியெல்லாம் வேற. என்ட்ரில இருக்குற தேதிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி வீட்ல யாரு எங்க போனீங்க, ஏன்னா லீவு நாள்ல தேய்ச்சது சில சமயம் அடுத்த வேலை நாள் தேதில வந்து நிக்கும், கிரெடிட் கார்டுன்னா இன்னும் ரெண்டு நாள் சேத்துக்கூட ஆகும். தொகை முழுசா இருக்கா, பைசாவோட இருக்கா, பெட்ரோல் போட்டா, மருந்து வாங்குனா ஒரு மாதிரி வரும். கார்டு யார் யார் கைல போச்சு. கடை ஆப்ல கார்டு சேவ் பண்ணி மெம்பர்ஷிப், தானா பணம் எடுத்துக்குற ஆட்டோபேன்னு ஏதாச்சும் அழுத்திருக்காங்களா, அழுத்திருந்தா பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ் வந்திருக்கணும், அதத் தேடுவோம். ஸ்வைப் பண்ண சீட்டு கெடச்சா அதுல மிஷின் நம்பரும் 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பரும் இருக்கும், ஸ்டேட்மென்ட்ல இருக்குறதோட ஒத்துப் போச்சுன்னா முடிஞ்சுது. ஆனா அந்த சீட்டு பேப்பர் பர்ஸுக்குள்ள கெடந்தாலே வெள்ளையாப் போயிருது, பாஸ்புக்ல ரெஃபரன்ஸ் நம்பரும் முழுசா வர்றதில்ல, அப்புறம் எத எதோட ஒத்துப் பாக்குறது. உங்க 2017 சுற்றறிக்கைல அடையாள நம்பர்னு போட்டிருக்கீங்களே, அது பாதி நம்பரா வந்தா என்ன பிரயோஜனம்?

இதுவரைக்கும் சொன்னது வீண் பயம். இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு, அதுதான் என்னை இந்த லெட்டர் எழுத வெச்சது.

தறி ஓட்டுற ஒரு அண்ணன். மாசா மாசம் டவுன்ல ஒரு சூப்பர் மார்க்கெட்ல மளிகை வாங்குவாரு, அந்தக் கடைக்கும் ஸ்டேட்மென்ட்ல ஏதோ ஒரு கம்பெனி பேருதான் வரும், மொதல்ல ஒரு தடவ பயந்து விசாரிச்சு, அட நம்ம மளிகைக்கடைதான்னு தெரிஞ்சு, அதுல இருந்து தெரியாத பேரு வந்தா "ஏதாச்சும் கடையோட கம்பெனி பேரா இருக்கும்"னு விட்டுருவாரு. பழகிட்டாருங்க. ஒரு நாள் எண்பத்தி சொச்சம் ரூபா போச்சுன்னு மெசேஜ், பேர்ல மார்ட்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. மளிகைதான்னு நெனச்சுக்கிட்டாரு. வீட்ல யாரோ பிஸ்கட் வாங்கிருப்பாங்கன்னு. அது வெளிநாட்டுக் கணக்கு, கார்டு உயிரோட இருக்கான்னு திருட்டுப் பசங்க சோதிச்சுப் பாத்துருக்கானுங்க. அவரு பையன் ஏதோ கேமுக்காக கார்டுல இன்டர்நேஷனல் யூஸ ஆன் பண்ணி விட்டிருக்கான், வெளிநாட்டு சைட்ல ஓடிபி கேக்காமயே எடுக்க முடியும்ங்குறது அந்த வீட்ல யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் கழிச்சு 6,400 ரூபாய்க்கு மேல போச்சு. அதே பேரு. அப்பத்தான் ஓடி வந்தாரு.

பேங்க்ல என்ன சொன்னாங்கன்னா, மொதல் மெசேஜ் உங்களுக்கு வந்துச்சே, அன்னைக்கே ஏன் சொல்லலன்னு. அந்த அண்ணன் கிட்ட அதுக்கு பதில் இல்ல. தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. எனக்கு அந்த எடத்துல ரொம்பக் கோவம் வந்துச்சுங்க. அவருக்குப் பழக்கி விட்டது யாரு? நல்ல கடையெல்லாம் தெரியாத பேர்ல வந்தா, திருட்டுக் கடையும் தெரியாத பேர்ல வரும்போது அத மட்டும் எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? ஊர்ல எல்லாரும் முகத்த மூடிக்கிட்டு நடந்தா திருடன் தனியா முகமூடி போட வேண்டிய அவசியமே இல்லயே. நிரூபிக்கிற பொறுப்பு பேங்கோடதுன்னு உங்க உத்தரவே சொல்லுது, புகார் குடுத்த 10 வேலை நாள்ல பணத்த தற்காலிகமா கணக்குல வரவு வைக்கணும்னும் 90 நாள்ல முடிக்கணும்னும் சொல்லுது, அதெல்லாம் அந்த அண்ணனுக்கு நான் பிரின்ட் எடுத்துக் குடுத்ததுக்கு அப்புறம்தான் மேனேஜர் பேசற தொனியே மாறுச்சு. பிரின்ட் எடுத்துக் குடுக்க ஆள் இல்லாத எத்தன பேரு அப்படியே திரும்பிப் போயிருப்பாங்க.

இன்னொரு ஆபத்து இருக்கு, இது எல்லாத்தயும் விட மோசம். தெரியாத பேரு வந்தா இப்ப புள்ளைங்க என்ன பண்றாங்க, அந்தக் கம்பெனி பேர கூகுள்ல போட்டு பக்கத்துல கஸ்டமர் கேர்னு சேத்துத் தேடறாங்க. மேல வர்ற நம்பர்ல பாதிக்கு யாரு உக்காந்திருக்கான்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. "ஆமா சார், தப்பா கழிஞ்சிருச்சு, ரீஃபண்ட் போடறோம், இந்த ஆப்ப இறக்குங்க, ஸ்கிரீன ஷேர் பண்ணுங்க"ன்னு ஆரம்பிப்பான். ஒழுங்கா சட்டை வாங்குன 1,847 ரூபா எங்க போச்சுன்னு தேடப் போயி அக்கவுண்ட்டே காலியாகுறதுக்கு வழி இது. அப்படி ஆனா சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு ஒடனே அடிக்கணும்னு என் கடைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். ஆனா அது பணம் போனதுக்கு அப்புறம் அடிக்கிற நம்பர். அந்தத் தேடலே வராம பண்றது உங்க கைல இருக்கு.

யூபிஐ பத்தி ஒரே ஒரு வார்த்தை. கடைல க்யூஆர் ஸ்கேன் பண்ணும்போது பேரு தெரியுது, சரி, ஆனா நெறைய சின்னக் கடைல க்யூஆர் கடைக்காரரோட சம்சாரம் பேர்லயோ தம்பி பேர்லயோ இருக்கும், மாசக் கடைசில பாஸ்புக்ல அந்தப் பேரு பாதி எழுத்தோட வரும்போது யாருக்கு எதுக்குக் குடுத்தோம்னு நெனவு வராது. ஒரு பெரிய தனியார் பேங்க் 2024ல இருந்து 100 ரூபாய்க்குக் கீழ யூபிஐல போனா எஸ்எம்எஸ்ஸே அனுப்பறதில்ல. அப்ப அந்த ஜனங்களுக்கு பாஸ்புக் வரி மட்டும்தான் மிச்சம், அது இன்னும் தெளிவா இருக்கணுமா இல்லையா?

எஸ்எம்எஸ் விஷயத்துலயும் நீங்க ஏற்கனவே நல்லது ஒண்ணு சொல்லிருக்கீங்க. வந்த எஸ்எம்எஸ்ஸுக்கு அப்படியே ரிப்ளை பண்ணி இது என்னுது இல்லன்னு சொல்ற வசதி வேணும், வாடிக்கையாளர் வெப்சைட்டயோ இமெயில் ஐடியையோ தேடி அலையக் கூடாதுன்னு அந்த ஜூலை 6 சுற்றறிக்கைலயே இருக்கு. நான் பாத்த மெசேஜ்ல பெரும்பாலும் என்ன இருக்குன்னா, இந்த டிரான்சாக்ஷன் உங்களுது இல்லன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, இல்லாட்டி வேற ஒரு நம்பருக்கு ப்ளாக்னு டைப் பண்ணி கடைசி நாலு இலக்கத்த அனுப்புங்கன்னு. அனுப்புற ஐடி எழுத்துல இருக்கும், அதுக்கு ரிப்ளையே போகாது. எல்லாம் இங்கிலீஷ்ல. எங்க ஊர்ல அறுபது வயசு தாண்டுன ஆளு எப்படிங்க அத படிச்சு, வேற நம்பர டைப் பண்ணி அனுப்புவாரு?

பேங்க் ஸ்டாஃப் மேலயும் எனக்கு வருத்தம் இல்ல, அவங்க ஸ்கிரீன்லயும் அதே வெட்டுப்பட்ட வரிதான் தெரியுது. எங்க பிரான்ச்ல ஒரு மேடம் ரொம்ப நல்லவங்க, கியூ நிக்கும்போதே கூட எட்டிப் பாத்து சொல்லப் பாப்பாங்க, ஆனா அவங்க கிட்டயும் எந்தக் கடைன்னு பாக்க வழி கெடயாது. டிஸ்ப்யூட் ஃபார்ம் போட்டாத்தான் அந்த நம்பர் கடையோட பேங்குக்குப் போயி, அங்க இருந்து பில்லு வந்து, இன்ன கடைன்னு தெரியும். எந்தக் கடைன்னு தெரிஞ்சுக்க மட்டும் ஒருத்தர் திருட்டுப் புகார் குடுக்க வேண்டியிருக்கு. அதனால கடைக்காரருக்கும் தொல்லை, பேங்குக்கும் வேலை, கார்டும் போச்சு.

இத சரி பண்ண டெக்னாலஜி இல்லன்னு யாராச்சும் உங்ககிட்ட சொன்னா நம்பாதீங்க. கடையோட தெளிவான பேரு, பில்லு விவரம் எல்லாத்தயும் பேங்குக்கு அனுப்பி, இந்த மாதிரி வீண் புகார மொதல்லயே தீக்குறதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு. மாஸ்டர்கார்டு 2019ல எத்தோகாங்குற கம்பெனிய வாங்குச்சு, அதே வருஷம் விசா கம்பெனி, வெரிஃபைங்குற கம்பெனிய வாங்குச்சு, ரெண்டும் இதே வேலைக்குத்தான். புரியாத பேர்னால எவ்வளவு பணம் வீணாப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியும், அதான் காசு போட்டு வாங்கிருக்காங்க. ஜன்தன் அக்கவுண்ட் ஆரம்பிச்ச 2014ல இருந்து எங்க ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு இருக்குறது ரூபே கார்டு. அத நடத்துறது என்பிசிஐ, நம்ம நாட்டு அமைப்பு, உங்க மேற்பார்வைல இருக்குறது. வேற நாட்டுக் கம்பெனி கிட்ட கெஞ்ச வேண்டியதில்ல, உங்க ஒரு உத்தரவு போதும்.

நான் கேக்குறது இதுதாங்க. கடைக்கு மிஷினோ க்யூஆரோ குடுக்கும்போது போர்டுல இருக்குற பேர தனியா வாங்கணும், ஜிஎஸ்டில இருக்குற வியாபாரப் பேரோட ஒத்துப் பாக்கணும், கிளை எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊரத்தான் போடணும், ஸ்டேட்மென்ட்லயும் எஸ்எம்எஸ்லயும் பாஸ்புக்லயும் அதுதான் வரணும். கம்பெனி பேரும் வேணும்னா ரெண்டாவது வரில போட்டுக்கட்டும், பாஸ்புக்ல பேப்பருக்கு என்ன பஞ்சம். நேரமும் 12 இலக்க நம்பரும் வெட்டாம வரணும். பழைய கடைங்க எல்லாத்தயும் மாத்த நாளாகும்னு சொல்லுவாங்க, ஞாயந்தான், அதுவரைக்கும் பில்லிங் கவுன்ட்டர்லயும் பில்லோட தலைலயும் "உங்க பேங்க் கணக்குல இந்தப் பேர்ல வரும்"னு தமிழ்ல ஒரு வரி போடச் சொல்லுங்க, அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் மாத்த வேணாம், ஒரு ஸ்டிக்கர் போதும். பிரான்ச்ல இருக்குற ஸ்டாஃப் அந்த 12 இலக்க நம்பர போட்டா கடை பேரும் கிளையும் தெரியற மாதிரி ஒரு ஸ்கிரீன் குடுங்க, டிஸ்ப்யூட் ஃபார்ம் இல்லாமலே பாதிப் பேரு சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க.

இதெல்லாம் நடக்குற வரைக்கும் ஒண்ணு மட்டும் ஒடனே செய்யுங்க. அந்த 3 வேலை நாள் கணக்கு, பேங்க்ல இருந்து வந்த மொத மெசேஜ வெச்சு ஆரம்பிக்க வேணாம். வாடிக்கையாளர் இது என்னன்னு தெரியலன்னு கேட்டு, பேங்க் கடையோட போர்டு பேரும் ஊரும் சொல்ற அன்னைக்கு ஆரம்பிக்கட்டும். பேங்க் சொல்ல எத்தன நாள் எடுத்துக்குதோ அத்தன நாளும் பேங்கோட கணக்கு.

இப்படிக்கு,
பேங்குக்கு ரெண்டு கடை தள்ளி ஜெராக்ஸ் கடை வெச்சிருக்குறவன்,
ஈரோடு மாவட்டம்.